ஓடுபாதையில் ஒண்டுக்குடித்தனம்

கோவாவுக்குப் போகும் விமானம் இறங்கத் தொடங்கியதும் ஒரு அறிவிப்பு வரும். இது பாதுகாப்புத் துறையின் விமானத் தளம், படம் எடுக்காதீர்கள். பயணிகளில் பாதிப் பேர் அப்போதுதான் கேமராவைக் கையில் எடுத்திருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே அரபிக் கடல், தென்னந்தோப்புகள், ஜுவாரி ஆறு. தேனிலவுக்கு வந்தவர்களிடம் இதைப் படம் பிடிக்காதே என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் சக்கரம் தரையைத் தொட்டு விமானம் ஊர ஆரம்பித்ததும், அந்த அறிவிப்புக்கு அர்த்தம் புரிந்துவிடுகிறது. சாம்பல் நிறக் கூடாரங்கள், முக்காடு போட்ட போர் விமானங்கள். நீங்கள் இறங்கியிருப்பது ஐ.என்.எஸ். ஹன்சா. உங்கள் டிக்கெட்டில் டபோலிம் என்று போட்டிருப்பது அதன் ஓரத்தில் உள்ள ஒரு துண்டு இடம்தான்.

இந்தியாவில் இப்படி இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் ராணுவ விமானத் தளத்தின் ஓரத்தில் பயணிகள் நிலையம் ஒண்டிக்கொண்டிருக்கிறது. புனே, ஸ்ரீநகர், லே, பாக்டோக்ரா எல்லாம் விமானப் படையின் வீடுகள். விசாகப்பட்டினமும் போர்ட் பிளேரும் டபோலிம் போலவே கடற்படையின் வீடுகள். ஆனால் டபோலிமில் மட்டும் ஒரு வேடிக்கை. இங்கே குடித்தனக்காரருக்காகத்தான் முதலில் வீடே கட்டினார்கள். வீட்டுக்காரர் பிறகு வந்தவர்.

கட்டியது போர்ச்சுகீசியர்கள். 1950களின் நடுவில் இந்தியா கோவா மீது பொருளாதாரத் தடை விதித்தது. எல்லை மூடப்பட்டது, ரயில் நின்றது. நான்கு பக்கமும் இந்தியாவும் கடலுமாகச் சூழ்ந்த அந்தக் குட்டிக் காலனி, உருளைக்கிழங்கை ஹாலந்திலிருந்தும் டீத்தூளை இலங்கையிலிருந்தும் கப்பலில் வரவழைத்துச் சமாளித்தது. ஆட்கள் போய் வர வானம் ஒன்றுதான் வழி. அதனால் வாஸ்கோ நகரை ஒட்டிய செம்மண் பீடபூமியில், கடல் மட்டத்துக்குச் சுமார் 55 மீட்டர் உயரத்தில், 1955ல் ஒரு விமான நிலையம் திறந்தார்கள். அப்போதைய கவர்னர் ஜெனரல் பெனார்ட் கெடஸின் பெயரையே அதற்கு வைத்தார்கள். டி.ஏ.ஐ.பி. என்று கோவாவுக்கே தனியாக ஒரு விமான நிறுவனமும் பிறந்தது. டாமன், டையூ, கராச்சி, அங்கிருந்து லிஸ்பன் வரை அதன் விமானங்கள் பறந்தன. பம்பாய் பக்கத்திலேயே இருந்தும் கோவாக்காரர் கராச்சி வழியாகத்தான் உலகத்துக்குப் போக வேண்டியிருந்தது.

ஆறு வருடங்கள்தான். 1961 டிசம்பர் 18ம் தேதி காலை, விங் கமாண்டர் என்.பி. மேனன் தலைமையில் இந்திய விமானப் படையின் 12 கான்பெரா விமானங்கள் டபோலிம் மீது குண்டு போட்டன. பின்னாலேயே இன்னொரு எட்டு. உத்தரவு தெளிவாக இருந்தது: ஓடுபாதையை மட்டும் உடையுங்கள், நிலையக் கட்டிடத்தைத் தொடாதீர்கள். நாளை நமக்கு வேண்டியதாயிற்றே! நிறுத்தியிருந்த இரண்டு பயணிகள் விமானங்களையும் அப்படியே விட்டுவைத்தார்கள். அந்தப் பெருந்தன்மையைப் போர்ச்சுகீசியர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அன்றிரவே ஓடுபாதையின் பள்ளங்களை அவசரமாக மூடி, இரண்டு விமானங்களையும் இருட்டில் கிளப்பிக்கொண்டு கராச்சிக்குப் பறந்துவிட்டார்கள். மறுநாள் மாலை கவர்னர் ஜெனரல் வசாலோ இ சில்வா சரணடைந்தார். 450 வருட ஆட்சி முடிந்தது. ஓடுபாதை நம்முடையதானது.

அடுத்த கேள்வி, அது நம்மில் யாருடையது என்பது. அதற்கான பதில் கோயமுத்தூரில் இருந்தது.

1961ல்தான் நமது முதல் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்த் வந்து சேர்ந்திருந்தது. விமானம் தாங்கிக் கப்பல் என்றால் விமானங்கள் எப்போதும் அதிலேயே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை. கப்பல் துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும்போது, அதன் மேல்தளத்திலிருந்து போர் விமானம் கிளம்ப முடியாது. கப்பல் வேகமாக ஓடினால்தான் எதிர்க்காற்று கிடைக்கும். அது கிடைத்தால்தான் அந்தக் குட்டையான தளத்திலிருந்து எழும்ப முடியும். அதனால் கப்பல் கரைக்கு வருவதற்கு முன்பே விமானங்கள் பறந்து போய் நிலத்தில் ஒரு தளத்தில் இறங்கிவிட வேண்டும். பழுது பார்ப்பதும், பைலட்டுகளைப் பழக்குவதும் அங்கேதான். விக்ராந்தின் ஸீ ஹாக், அலிஸே விமானங்களுக்கு அப்படிக் கிடைத்த முதல் கரை வீடு, கோயமுத்தூரை அடுத்த சூலூர். அங்கேதான் 1961 செப்டம்பர் 5ம் தேதி ஐ.என்.எஸ். ஹன்சா தொடங்கப்பட்டது. கடற்படைக்கு ஒரு தளம். ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் இல்லை, பருத்தி மில்கள்தான் இருந்தன. இந்த நிலையில் அரபிக் கடலின் விளிம்பிலேயே, மர்மகோவா துறைமுகத்துக்குப் பக்கத்தில், குன்றின் மேல் ஒரு ஓடுபாதை கையில் வந்து விழுந்தால் கடற்படை விடுமா? 1962ல் டபோலிமை எடுத்துக்கொண்டது. 1964ல் ஹன்சா சூலூரிலிருந்து மூட்டை முடிச்சுடன் இங்கே குடியேறியது. சூலூர் இன்று விமானப் படையிடம் இருக்கிறது.

இந்தியாவின் பயணிகள் விமானங்கள் பிறகு வந்தன, விருந்தாளிகளாக. கட்டுப்பாட்டுக் கோபுரம் கடற்படை கையில். ஓடுபாதை கடற்படை கையில். பயணிகள் கட்டிடமும் விமானங்கள் நிற்கும் முற்றமும் மட்டும் விமான நிலைய ஆணையத்துக்கு. வாரத்துக்குச் சில விமானங்கள் வந்த காலத்தில் இது யாரையும் உறுத்தவில்லை. 1980களின் நடுவில் ஜெர்மனியிலிருந்து தனி விமானங்களில் சுற்றுலாக் கூட்டம் நேரே டபோலிமில் வந்து இறங்க ஆரம்பித்ததும் கதை மாறியது. பிரிட்டிஷ்காரர்கள் வந்தார்கள், பிறகு ரஷ்யர்கள். அக்டோபரில் தொடங்கி வெயில் உறைக்கும் வரை, பனியிலிருந்து தப்பி வந்த வெள்ளைத் தோல்கள் டபோலிமின் சின்னக் கட்டிடத்தில் வரிசையில் நின்று வேர்த்தன.

கடற்படைக்கும் அதே சமயத்தில்தான் வேலை கூடியது. 1983 டிசம்பரில் ஸீ ஹாரியர் விமானங்கள் வந்திறங்கின. நின்ற இடத்திலேயே இறங்கக்கூடிய அந்த விமானம் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே வாஸ்கோ, சிகாலிம், போக்மாலோ பக்கம் இருக்கிறது. அதன் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து வளர்ந்த தலைமுறையும் அதுவேதான். 2016ல் ஸீ ஹாரியர்கள் ஓய்வு பெற்றன. அதற்கு முன்பே ரஷ்யாவின் மிக்-29கே வந்துவிட்டது. 2022ல் நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்களின் இரண்டாவது அணியும் இங்கே நிலைகொண்டது.

இடையில் பெரும்பாலான பயணிகள் கவனிக்காத ஒரு அதிசயமும் இதே வளாகத்தில் எழுந்தது. கப்பலின் மேல்தளத்தை அப்படியே நிலத்தில் நகலெடுத்திருக்கிறார்கள். ஒரு முனையில் சறுக்கு மரத்தைத் திருப்பி வைத்தது போல மேல் நோக்கி வளையும் மேடை. இறங்கும் விமானத்தின் கொக்கியைப் பிடித்து நிறுத்த இரும்புக் கம்பி வடம். கடலில் உயிரைப் பணயம் வைக்கும் முன்பு பைலட்டுகள் இங்கே பழகிக்கொள்வார்கள். நம் நாட்டிலேயே உருவான தேஜஸின் கடற்படை வடிவம் 2014 டிசம்பரில் இந்த மேடையிலிருந்து எழும்பியது. 2019 செப்டம்பரில் வடத்தில் மாட்டி நின்றது. 2023 பிப்ரவரியில் புதிய விக்ராந்தின் மேல் நிஜமாகவே இறங்கியது. கடற்கரைக்கு டாக்சி பிடிக்கும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு நூறு கஜ தூரத்தில் நடந்த சரித்திரம் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

சரி, ஒரே ஓடுபாதையில் இந்த இரண்டு வாழ்க்கையும் எப்படி நடக்கும்? பழைய ஒண்டுக்குடித்தனத்தில் குழாயடிக்கு முறை வைப்பார்களே, அதே வழிதான். மோப்பா வருவதற்கு முந்தைய பல ஆண்டுகள், வார நாட்களில் காலை எட்டரை மணியிலிருந்து பிற்பகல் ஒரு மணி வரை ஓடுபாதை கடற்படைக்கு. பயணிகள் விமானங்கள் அதற்கு முன்னாலோ பின்னாலோ வந்து போக வேண்டும். மும்பையிலும் டில்லியிலும் கிராக்கி உச்சத்தில் இருக்கும் காலை நேரத்தில் டபோலிம் கதவைச் சாத்திக்கொள்ளும். ஒரு மணிக்குக் கதவு திறந்ததும் விமானங்கள் சேர்ந்தாற்போல வந்து மோதும். பெட்டி வரும் பட்டையைச் சுற்றிக் கல்யாண வீட்டுப் பந்தி போலக் கூட்டம். முழு நீளத்துக்கு இணைப் பாதை இல்லாததால், இறங்கிய விமானம் ஓடுபாதையிலேயே திரும்பி ஊர்ந்து வர வேண்டிய நிலைமை வேறு. அதுவரை அடுத்த விமானம் வானில் வட்டமடித்துக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் 2018-19ல் சுமார் 84 லட்சம் பேர் இந்தக் குடித்தனப் பகுதி வழியாக வந்து போனார்கள். 2011 கணக்கெடுப்பின்படி கோவாவின் மக்கள் தொகை 14.5 லட்சம் சொச்சம். ஊர் ஜனத்தொகையைப் போல ஆறு மடங்குக்குச் சற்றே குறைவு. 2013 டிசம்பரில் திறந்த புதிய கட்டிடமும் சீக்கிரமே திணற ஆரம்பித்தது. கட்டிடத்தைப் பெரிதாக்கலாம். நேரத்தைப் பெரிதாக்க முடியாதே.

ஒருவர் வீட்டில் ஏதாவது நடந்தால் மற்றவர் வாசலும் அடைபட்டுவிடும் என்பது இந்த ஏற்பாட்டின் இன்னொரு சங்கடம். 2016 டிசம்பர் 27ம் தேதி விடிவதற்கு முன் மும்பைக்குக் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானம் ஓடுபாதையிலிருந்து விலகி, ஒரு சுற்றுச் சுற்றி மண்ணில் நின்றது. சில பயணிகளுக்குக் காயம். தளம் சில மணி நேரம் முடங்கியது. 2018 ஜனவரியில் ஒரு மிக்-29கே ஓடுபாதையை விட்டு ஓடித் தீப்பிடித்தது. 2019 ஜூனில் இன்னொரு மிக் எழும்பும்போது அதன் எண்ணெய்த் தொட்டி கழன்று விழுந்து ஓடுபாதையே எரிந்தது. இரண்டு முறையும் பயணிகள் விமானங்கள் காத்திருந்தன. அதே ஆண்டு நவம்பரில் டபோலிமிலிருந்து கிளம்பிய ஒரு மிக், பறவைகள் மோதி, வெர்ணா பக்கம் வெட்டவெளியில் விழுந்தது. பைலட்டுகள் இருவரும் குதித்துத் தப்பினார்கள். ஊருக்குள் விழாமல் போனது அவர்களுடைய நிதானத்தாலும் கோவாவின் அதிர்ஷ்டத்தாலும்.

அந்த அதிர்ஷ்டம் எப்போதும் இருந்ததில்லை. 2002 அக்டோபர் 1ம் தேதி, ஐ.எல்-38 அணியின் வெள்ளி விழா. அணிவகுத்துப் பறந்த இரண்டு விமானங்கள் டபோலிம் அருகே வானிலேயே மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த 12 கடற்படையினரும் இறந்தார்கள். சிதறி விழுந்த பாகங்களுக்குத் தரையில் இருந்தவர்களும் பலியானார்கள். அடுத்த தெருவில் பாதுகாப்புத் துறை குடியிருந்தால் பாதுகாப்பு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

சிரிக்க வைக்கும் சங்கடங்களும் உண்டு. 2024 ஜனவரியில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு விமானம் இறங்க முடியாமல் திரும்பவும் பெங்களூருக்கே போனது. காரணம், ஓடுபாதையில் ஒரு தெருநாய். நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிக்கும் தளத்தில் நாயைப் பிடிக்க ஆள் இல்லையா என்று கோவாவில் கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளமான வெட்டவெளியை ஊருக்கு நடுவில் வைத்துக்கொண்டு நாயையும் பறவையையும் தடுப்பது சுலபமில்லை என்பதும் நிஜம்.

வேலிக்கு வெளியே வாழ்பவர்களுக்குத் தினசரி நிபந்தனைகள் உண்டு. சுற்றுவட்டாரத்தில் வீடு கட்ட, மாடி எடுக்க, கடற்படையின் தடையில்லாச் சான்று வேண்டும். உயரம் கூடினால் சான்று கிடையாது. சொந்த நிலத்தில் இரண்டாவது மாடிக்கு ராணுவத்திடம் அனுமதி கேட்பதில் சிகாலிம்வாசிகளுக்கு எரிச்சல். இறங்கும் பாதையில் அடுக்குமாடி எழுந்தால் பைலட்டின் கதி என்ன என்பது கடற்படையின் கேள்வி. இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் கடற்படை 1964லேயே இங்கே இருக்கிறது, அடுக்குமாடி ஆசை பிறகு வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போக்மாலோ கடற்கரைக்குப் போகும் சாலையில் கடற்படையின் விமான அருங்காட்சியகம் ஒன்று 1998லிருந்து இருக்கிறது. விமானத்துக்கு இரண்டு மணி நேரம் மிச்சமிருந்தால் காத்திருப்பதை விட இங்கே போகலாம். ஸீ ஹாக், அலிஸே, ஸீ ஹாரியர் எல்லாம் வெயிலில் நிற்கின்றன. நடுவில் ஒரு பிரம்மாண்டமான சூப்பர் கான்ஸ்டெலேஷன். ஏர் இந்தியாவில் பயணிகளை ஏற்றி, விமானப் படைக்குப் போய், கடைசியில் கடற்படைக்கு வந்து ஓய்வு பெற்ற விமானம் அது. பயணிகளும் படையும் ஒரே விமானத்தை மாறி மாறிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இங்கே படம் எடுக்கத் தடையில்லை. குழந்தைகள் இறக்கைக்குக் கீழே ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள்.

ஒண்டுக்குடித்தனத்துக்கு முடிவு கட்டும் யோசனை புதிதல்ல. மகாராஷ்டிர எல்லையை ஒட்டிய பெர்ணெம் தாலுகாவில், மோப்பா என்ற மேட்டில், பயணிகளுக்கு மட்டுமான விமான நிலையம் கட்ட 2000த்திலேயே மத்திய அரசு இசைவு தந்தது. ஆனால் அதில் ஒரு முள் இருந்தது: புதியது வந்தால் டபோலிமில் பயணிகள் சேவையை மூடிவிட வேண்டும். தென் கோவா கொதித்தது. போர்ச்சுகீசியர் பயணிகளுக்காகக் கட்டியதைக் கடற்படை எடுத்துக்கொண்டது, இப்போது பயணிகளை ஒரேயடியாக வெளியேற்றப் பார்க்கிறார்களா என்று கேட்டார்கள். போக வேண்டியது கடற்படைதான், அது கர்நாடகத்தில் கார்வாருக்குப் போகட்டும் என்ற குரலும் எழுந்தது. பத்து வருட இழுபறிக்குப் பின் 2010ல் மத்திய அமைச்சரவை நிபந்தனையைத் தளர்த்தியது. இரண்டும் இருக்கலாம். மறைந்த முதல்வர் மனோகர் பாரிக்கரின் பெயரில் மோப்பா விமான நிலையம் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டு, 2023 ஜனவரி 5ம் தேதி முதல் இயங்குகிறது.

இருக்கலாம் என்று காகிதத்தில் எழுதிவிட்டால் போதுமா? மோப்பாவில் குழாயடி முறை கிடையாது. காலை பத்து மணிக்கும் இறங்கலாம். வெளிநாட்டு விமான நிறுவனங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒவ்வொன்றாக வடக்கே நகர ஆரம்பித்தன. ஓமன் ஏர் போனது. 2024ல் கத்தார் ஏர்வேஸ் போனது. லண்டன் விமானம் போனது. டபோலிமைக் காலி செய் என்று யாரும் சொல்லவில்லை. குடித்தனக்காரரின் சாமான்கள் மட்டும் தினமும் ஒன்றிரண்டாக வேறு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

இதில் நஷ்டப்படுவது யார் என்று பார்க்க, டபோலிம் வாசலில் வரிசையில் நிற்கும் கறுப்பு மஞ்சள் டாக்சிகளைப் பார்த்தால் போதும். கோவாவில் டாக்சிக்காரர்களுக்கு நல்ல பெயர் இல்லை. மீட்டர் போடுவதில்லை, செயலி வழி டாக்சிகளை உள்ளே விடுவதில்லை என்று வருகிறவர்களெல்லாம் புலம்புகிறார்கள். புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால் இந்த டாக்சிகள் பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வண்டி என்ற கணக்கில் ஓடுபவை. முழு விமானமாக வந்திறங்கும் வெளிநாட்டுப் பயணிகளையும், கொல்வா, பெனாலிம், கவேலோசிம் பக்கம் கடற்கரையோரம் முளைத்த ஓட்டல்களையும் நம்பி வாங்கியவை. 2019ல் பிரிட்டனின் தாமஸ் குக் திவாலானபோது ஒரு அடி. பிறகு கோவிட். பிறகு மோப்பா. ஓட்டல்காரர் விலையைக் குறைத்துப் பார்க்கலாம். டாக்சிக்காரர் வடக்கே போகலாம் என்றால், அங்கே பெர்ணெம் டாக்சிக்காரர்கள், எங்கள் மண்ணில் கட்டியது எங்களுக்கு என்று ஏற்கெனவே போராடி இடம் பிடித்துவிட்டார்கள். இடையில் சுமார் 60 கிலோமீட்டர் வேறு. 2022 டிசம்பரில் ஜுவாரி மீது புதிய பாலத்தின் ஒரு பக்கம் திறந்தது. பயணம் சுலபமாகிவிட்டது. மோப்பாவில் இறங்கித் தெற்கே வருவதற்கு மட்டுமல்ல, தெற்கே இருப்பவர்கள் மோப்பாவுக்குப் போய் விமானம் ஏறுவதற்கும் அது வசதி.

கடற்படை இந்தச் சண்டையில் வாய் திறப்பதில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2025 ஏப்ரலில் கப்பலில் இறங்கக்கூடிய 26 ரபேல் விமானங்கள் வாங்க ஒப்பந்தம் ஆகிவிட்டது. கடலில் இப்போது இரண்டு விமானம் தாங்கிக் கப்பல்கள்: விக்ரமாதித்யா, விக்ராந்த். கப்பல் கரைக்கு வரும்போதெல்லாம் விமானங்களுக்கு நிலத்தில் வீடு வேண்டும் என்ற 1961ம் ஆண்டின் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. அதற்கு மேற்குக் கரையில் டபோலிமை விட்டால் சுலபமான மாற்று இல்லை. கார்வாருக்குப் போகச் சொன்னவர்களும் இப்போது அதை அழுத்திச் சொல்வதில்லை.

மறுபக்கம், டபோலிமில் உள்நாட்டு விமானங்கள் இன்னும் நிறையவே வருகின்றன. வாஸ்கோ, மட்காவ் பக்கம் போகிறவர்களுக்கு இதைவிட வசதியான நிலையம் கிடையாது. வெளியே வந்து கொஞ்ச தூரம் போனால் டபோலிம் ரயில் நிலையம். அந்தத் தடத்தில்தான் வாரம் ஒருமுறை வாஸ்கோவிலிருந்து வேளாங்கண்ணிக்கு ஒரு ரயில் புறப்படுகிறது. கோவாவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் சாப்பாட்டுக் கூடை, தலையணையுடன் ஏறுகின்றன. விமானம் எங்கே இறங்கினால் என்ன என்று அவர்களுக்குக் கவலையில்லை.

மற்றவர்கள் டிக்கெட் வாங்கும்போது கவனியுங்கள். கோவா என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஜி.ஓ.ஐ. என்றால் டபோலிம், ஜி.ஓ.எக்ஸ். என்றால் மோப்பா. பெனாலிமில் அறை எடுத்துவிட்டு மோப்பாவில் இறங்கினால், விமானத்தில் மிச்சம் பிடித்த பணம் டாக்சிக்குப் போய்விடும். பஞ்சிம் போகிறவர்களுக்கு இரண்டில் எதுவும் பெரிய வித்தியாசமில்லை. டபோலிமில் இறங்குபவர்கள் முடிந்தால் பகல் விமானமாகப் பார்த்து, ஜன்னல் ஓரம் உட்காருங்கள். கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டால் கண்ணால் பார்ப்பதற்கு ஒரு தடையும் இல்லை.